மூர்த்தி-1, சிவசு-7

“சோத்தை எங்கிட்டத் தின்னுபோட்டு, விசுவாசத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டறயா?”

முதலாளி திருமூர்த்தி போட்ட சத்தத்தில் கட்டிங் மேஜையில் கத்தரி நின்றுவிட்டது. எதிரே கதிர்வேல். அந்தப் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஆர்டர்களுக்கு விலை போடுபவன். கையில் ராஜினாமா எழுத ஒரு வெள்ளைத்தாள்.

“முருகன் சத்தியமா நான் இல்லீங்ண்ணா. கம்ப்யூட்டர் பேரை மூணு தடவை ‘மூர்த்தி-1’னு மாத்திட்டனுங்க. ரீஸ்டார்ட் பண்ணுனா மறுபடி ‘சிவசு-7’னு வந்து நிக்குது.”

தன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துக் கம்பெனி சிவசுப்பிரமணியத்தின் பேர்! மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேருக்குப் பதில் பங்காளி பேர் அச்சாகியிருந்தால்கூட திருமூர்த்தி இப்படி வெலவெலத்திருக்க மாட்டார். ஆறு மாதத்தில் நாலு ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது. நாலையும் பீஸுக்குச் சரியாக அஞ்சு பைசா குறைத்துக் கொத்திக்கொண்டு போனவர் அதே சிவசு.

“ஜோசியக்காரனே அத்தனை கரெக்டாச் சொல்ல மாட்டான். எழுதிக் குடுத்துப்போட்டு நடையக் கட்டு!”

“கொஞ்சம் பொறுங்க சார்.” கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த வர்ஷினி தலைநிமிர்ந்தாள். “இது லினக்ஸுங்க. பேரை நிரந்தரமா எழுதி வெக்கலீங்க. இவரு மாத்துனது ரீஸ்டார்ட் ஆகற வரைக்குந்தான். அப்புறம் நெட் குடுக்கற பெட்டி என்ன பேர் சொல்லுதோ, அதையே வெச்சுக்கும்.”

“அப்ப நம்ம பெட்டிக்குள்ள எவனோ பூந்துட்டானா?”

“நம்ம பெட்டி எங்கீங்க சார்?”

வர்ஷினி ஒயரைத் தடவிக்கொண்டே ஜன்னல் வரை போனாள்.

“மதிலைத் தாண்டிப் போகுதுங்களே! அவங்க நெட்டுக்குள்ளதான் நீங்க இருக்கறீங்க. விலை போடற ஃபோல்டருக்குப் பூட்டும் இல்ல. அங்கிருந்து யார் வேணா தெறந்து பார்க்கலாம். இந்த ஒயரை யாருங்க இழுத்தது?”

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவசுவின் எலெக்ட்ரீஷியனுக்கு ரெண்டு டஜன் பனியனைத் தள்ளி, ஓசி நெட்டுக்கு ஒயர் இழுத்தவர் சாட்சாத் திருமூர்த்தியேதான்.

கதிர்வேல் பேனாவை மூடினான். வர்ஷினி ஒயரைப் பிடுங்கினாள்.

அடுத்த நிமிடம் திருமூர்த்தியின் போன் அடித்தது. சிவசு.

“ஏனுங்க மூர்த்தி, ஒயரு கழண்டுருச்சுங்களா? ஆள் உட்டு மாட்டித் தரட்டுங்களா? இன்னைக்கு ரேட்டு நான் இன்னும் பார்க்கலீங்க!”