நாணுவின் பேரில் மட்டும்

“லக்ஷ்மிநாராயணன் பேர் வேண்டாம். என் ஒருத்தன் பேர்லயே போட்டுடுங்கோ” என்றான் நாணு.

ஆடிட்டர் அப்துல் நாசர் பேனாவை மூடி வைத்தார். மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மண்டிக்கு மேல் அவருடைய அறை.

வெல்லிங்டன் தீவில் ஒரு கம்பெனியின் கான்டீன் காண்ட்ராக்ட். கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்த இரண்டு சமையல்காரர்களுக்கு எண்பத்திரண்டாம் வருஷத்தில் இப்படி ஒன்று வந்து மாட்டுவது லேசுப்பட்ட அதிர்ஷ்டமா? ஆனால் கம்பெனிக்காரர்களுக்குப் பத்திரம் வேண்டும். வாயால் பேசி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வதெல்லாம் கல்யாண வீட்டோடு சரி.

கூட்டாகவும் நடத்தலாம், தனி ஆளாகவும் நடத்தலாம் என்று போன வாரம் நாசர் விளக்கினார். கூட்டு என்றால் ஒருத்தர் செய்த தப்புக்கு மற்றவருடைய வீடு வாசலும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை.

“கூட்டுதான். இதில் என்ன கேள்வி?” என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தியவன் நாணுவேதான். மீசை முளைக்காத வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே அடுப்புப் புகையைத் தின்றவர்கள்.

அப்புறம் திருப்பூணித்துறைக் கல்யாணம் வந்தது.

சமைக்கிறவன் ருசி பார்த்தால் பண்டம் எச்சில். ஆகையால் உப்பு, புளி, பதம் எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். அந்த மூக்கு விஷயத்தில் லக்ஷ்மிநாராயணனை அடித்துக்கொள்ளக் கொச்சியில் ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு அடிபிடித்த பாயசத்தைக் கிளறிக்கொண்டே ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கருகல் வாடை பந்தல் வரைக்கும் போய்விட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்ற அவனுக்குத் தெரியவில்லை.

நாணு ஓடிப்போய்ப் பாயச உருளியை இறக்கினான். தீயைக் கவனிக்காதது தன் தப்பு என்று பெண் வீட்டாரிடம் பழியை ஏற்றுக்கொண்டான். அதுவரை நல்லவன்தான்.

ஆனால் “மூக்குக்கு என்னடா ஆச்சு?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கூரையைப் பார்த்துப் படுத்தவனுக்கு நாசர் சொன்ன வீடு வாசல்தான் நினைவுக்கு வந்தது. லக்ஷ்மிநாராயணனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் போயிற்று. சினேகிதம் வேறு, வியாபாரம் வேறு. நியாயம் தேடுகிறவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

நாசர் இப்போது சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை, நிம்மதிச் சிரிப்பு.

“நல்லதாப் போச்சு சாமி, எனக்கு ஒரு பொய் மிச்சம். லக்ஷ்மிநாராயணன் சாமி காலைலயே தனியா வந்தார். மூக்கு செத்துப்போச்சு, நாணுவுக்குத் தெரியாது, என் பேரை எடுத்துடுங்கன்னார். நேரா கேட்டா நாணு உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டான், அதனால கம்பெனி ரூல்னு சொல்லிடுங்கன்னார்.”

நாணு பேனாவை எடுத்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

படி இறங்கும்போது சண்டாளா, சண்டாளா என்று தன்னையே வைதுகொண்டான். மேலே போய்க் கிழித்துப் போடச் சொல்லலாமா என்று பாதிப் படியில் நின்றான். கான்டீன் நினைவு வந்தது. இறங்கிவிட்டான்.

கீழே சாயாக்கடையில் லக்ஷ்மிநாராயணன் காத்திருந்தான். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டான்.

கம்பெனி ரூலாம், ஒரு பேர்தான் போடலாமாம் என்றான் நாணு. உன் பேரையே போடு என்றான் அவன், சட்டென்று.

நாணு என்ன செய்வான்? லக்ஷ்மிநாராயணன் எதிர்பார்த்ததைச் செய்தான். நீ இல்லாத கான்டீன் எனக்கு எதற்கு என்று பெஞ்சைத் தட்டிக் கத்தினான். கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் மட்டும் நிஜம். லக்ஷ்மிநாராயணன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான், சாயா வாங்கிக் கொடுத்தான், கெஞ்சினான், கடைசியில் தன்மேல் சத்தியம் போட்டுச் சம்மதிக்க வைத்தான்.

பிறகு பெருமை தாங்காமல் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

“கண்டோ சேட்டா? என்னை விட்டுட்டு ஒரு கையெழுத்துப் போட மாட்டேங்கறான். இப்படி ஒரு சினேகிதன் யாருக்குக் கிடைப்பான்?”