இரண்டு சிவப்புக் கார்கள்

பழைய வாகனங்களை வாங்கி விற்கும் பக்கீர் காக்காவின் முற்றத்தில், ஒரே அச்சில் வார்த்தவைபோல, இரண்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன.

இரண்டும் நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்தவை. இரண்டிலும் இருவர் மாத்திரமே அமரலாம். ஒன்று மெனுவல் கியர், மற்றது ஓட்டோமெட்டிக். வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த ஒரு வேறுபாட்டுக்காக றாஹிலா காலையிலிருந்து மனத்துக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவன் றினாஸ், கத்தாரில் உழைத்த ஏழு வருடமும் ஆசைப்பட்ட கார் இது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாக அவள் வீட்டுக்கு அவன் வந்து எட்டு மாதமாகிறது. வீடு கல்முனையில், இருவருக்கும் வேலை அம்பாறையில். நாள்தோறும் காலை ஆறரை மணி பஸ்ஸில் ஒரே இருக்கையில் தோள் இடிபடப் போய்வருகிறார்கள். இனிமேல் காரில் போவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் காரில் என்பது முடிவாகவில்லை.

றாஹிலாவிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அது றினாஸுக்குத் தெரியாது.

நான்கு வருடங்களுக்கு முன் எடுத்தது. ஓட்டோமெட்டிக் வாகனத்துக்கு மட்டும் செல்லுபடியாவது. எடுத்த மூன்றாம் நாள், வாப்பாவின் காரைக் கொண்டுபோய் அடுத்த வளவுத் தென்னையில் சாத்தினாள்.

தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ஆயிற்று.

அன்று அலுமாரிக்குள் போன அனுமதிப்பத்திரம் இன்று காலைதான் வெளியே வந்தது. இப்போது அவளுடைய கைப்பையின் அடியில் கிடக்கிறது. ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே விடை தெரியாது.

மெனுவல் வந்தால் கதை முடிந்தது. ஓட்டோமெட்டிக் வந்தால், என்றாவது ஒருநாள், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கலாம்.

அவளுடைய தம்பி ஹிஷாமும் வந்திருந்தான். யாரும் அழைக்கவில்லை, இருந்தும் முதல் ஆளாக வந்து நின்றான்.

"மெனுவல எடுங்க மச்சான். ஓட்டோமெட்டிக் எண்டா தென்னமரமும் ஓட்டும்."

றாஹிலா பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிற்று. மூடிய வாய் நெடுநேரம் தாங்கவில்லை.

"அது சரி, ரெண்டு பேருக்குத்தான் இடம். எங்கட உம்மாவ எங்க இருத்துவீங்க, டிக்கியிலயா?"

றினாஸ் சிரித்துவிட்டு மெனுவல் காரை எடுத்துக்கொண்டு போனான். சாய்ந்தமருது வரை போய்த் திரும்பி வந்து இறங்கியபோது, அவன் முகம் பெருநாள் பிறை கண்ட முகமாக இருந்தது. இறங்கிய பின்னரும் அவனுடைய இடக்கை, கியரைப் பிடித்த பிடியிலேயே மடிந்திருந்தது.

"சம்மாந்துறை தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், நேர் றோட்டு," என்றார் பக்கீர் காக்கா. "அஞ்சாம் கியரப் போட்டா இது பாட்டுப் படிச்சிக்கிட்டுப் போகும் மகன்."

றாஹிலா நிலத்தைப் பார்த்தாள்.

மற்றக் காரை றினாஸ் முற்றத்தை விட்டு வெளியே கொண்டுபோகவே இல்லை. ஒரே ஒரு சுற்று. இறங்கும்போது முகத்தில் பிறை இல்லை.

"இதத்தான் எடுக்கிறன்," என்றான், அந்த ஓட்டோமெட்டிக் காரின் மேல் கையை வைத்து.

ஹிஷாம் திகைத்துப்போனான். "மச்சான்! உங்கட மூஞ்சப் பாத்தா மெனுவல்தான் புடிச்சிருக்கு."

"ஓம். அதுதான் புடிச்சிருக்கு."

றாஹிலா தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். கல்முனையிலிருந்து காரைதீவு வரை முச்சக்கர வண்டிகளும் மாடுகளும் வழிவிடுவதில்லை. மெனுவல் என்றால் அடிக்கு ஒரு தடவை கிளச்சை மிதித்து இடக்கால் ஓய்ந்துவிடும். ஓட்டோமெட்டிக்கில் இடக்காலுக்கு வேலையே இல்லை. சோம்பல்தான் காரணம் என்றாலும் அல்ஹம்துலில்லாஹ். மூன்று மாதம் பொறுத்திருந்து, நல்ல நேரம் பார்த்துக் கேட்பது என்று தீர்மானித்தாள்.

பக்கீர் காக்கா சாவியைக் கொடுத்தார். றினாஸ் பிஸ்மி சொல்லி வாங்கினான். காரைச் சுற்றி நடந்தான். இடப்பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே அமர்ந்து இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டான்.

வலப்பக்க இருக்கை வெறுமையாக இருந்தது.

"மச்சான், ஸ்டேரிங் மத்தப் பக்கம்!" ஹிஷாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

றினாஸ் சிரிக்கவில்லை. கதவை மூடாமல், சாவியை றாஹிலாவின் பக்கம் நீட்டினான்.

அவள் கைப்பையை இறுகப் பிடித்தாள். "உங்களுக்கு ஆரு சொன்ன?" என்றாள். கேட்டது கணவனை, பார்த்தது தம்பியை.

"வல்லாஹி, நான் சொல்லல்ல ராத்தா!"

"ஒருத்தரும் சொல்லல்ல," என்றான் றினாஸ். "பஸ்ஸுக்காரன் பிரேக் புடிக்க முந்தியே உன்ட வலக்கால் தரைய அமத்துது. எட்டு மாசமாப் பக்கத்துல இருந்து பாக்கிறன்."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இடக்கால் மட்டும் ஒருநாளும் அசைஞ்சதில்ல."