ஒரு கிலோ கழிவு

முதலில் சங்கிலி கிணுங்கும். பிறகு அந்தக் குரல்.

"பதினெட்டு! கழிவு ரெண்டு. பதினாறு!"

டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எட்டு வருஷத்துக்கு முன் கேட்ட சத்தம். நிறுப்பவர் கணக்கப்பிள்ளை அழகுமுத்து. தராசின் முகம் எப்போதும் அவர் பக்கம்தான். முள் எங்கே நிற்கிறது என்று கொழுந்தைச் சுமந்து வந்தவளுக்குத் தெரியாது. ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று வெட்டுவார். அவரைத் திட்டாத வாய் அங்கே இல்லை.

ஒரு சனிக்கிழமை கடைசிச் சாக்கும் நிறுத்தானபின், கொழுந்து எடுக்க வரும் நிஷாந்தி போகாமல் நின்றாள்.

"ஐயா, என்னையும் ஒருக்கா நிறுத்துச் சொல்லுங்க."

"நீ என்ன கொழுந்தா?"

பெண்கள் சிரித்தார்கள். நிஷாந்தி சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். இப்போது மகளுக்கும் அதே சீனி நோய். எடையைக் குறைக்காவிட்டால் உன் காலுக்கும் ஆபத்து என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய், உடம்பு மெலிய வைக்கும் மாவு ஒன்றை ஹட்டனில் வாங்கி, சோற்றை விட்டுப் பத்து நாள் அதையே கரைத்துக் குடித்தாள். ஐந்து கிலோ போனது. மலையில் மயங்கி விழுந்தாள். சாப்பிடத் தொடங்கியதும் ஆறு கிலோ திரும்பி வந்தது.

"மாவெல்லாம் வேணாம், மூணு வேளையும் அளவா சாப்பிடு, கெழமைக்கு அரைக் கிலோ எறங்கினா போதும்னு கிளினிக்குல தனுஷிகா மிஸ்ஸி சொல்றாங்க. கெழமைக்கு ஒருக்கா நிறுத்துப் பாக்கணுமாம். எங்க லயத்து வீட்டுல தராசு ஏதுங்க?"

கொக்கியில் கயிறு கட்டி, பலகை போட்டு, ஊஞ்சல் மாதிரி உட்கார வைத்தார்கள். சங்கிலி கிணுங்கியது.

"எண்பத்தெட்டு!" மடுவமே கேட்கக் கத்தினார் அழகுமுத்து.

"ஏன் ஐயா, கயித்துக்குக் கழிவு இல்லியா?" என்றாள் கூட நின்ற கொழுந்துக்காரி வேலாயி. மறுபடியும் சிரிப்பு.

நிஷாந்தி சீனி போடாமல் தேத்தண்ணி குடித்தாள். நாலு ரொட்டி இரண்டாயிற்று. பக்கத்தில் பருப்பும் கீரையும் வந்தன. ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வரை நடந்து வந்தாள். சனிக்கிழமைதோறும் அரைக் கிலோ இறங்கியது.

ஆறாவது சனிக்கிழமை, ஊஞ்சலில் உட்காரும்போதே சொன்னாள்:

"இப்பிடி அரை அரையா எறங்கி வெறுத்துப்போச்சுங்க. இன்னைக்கு எறங்கலன்னா நாளைக்கே ஹட்டனுக்குப் போய் அந்த மாவ வாங்கிருவேன்."

அழகுமுத்து முள்ளைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"எண்பத்தஞ்சரை!"

அவள் முகம் மலர்ந்தது.

ஆறு மாதத்தில் மடுவத் தராசு எழுபத்தெட்டு என்றது. அதே கிழமை கிளினிக் தராசு எழுபத்தொன்பது என்றது. சீனியும் இறங்கியிருந்தது, மிஸ்ஸி அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆனால் வேலாயி விடுவாளா?

"கொழுந்துல அடிச்சது போதாதுன்னு ஒன் ஒடம்புலயும் ஒரு கிலோ அடிச்சிட்டான்டி!"

பெண்கள் திரண்டு வந்தார்கள். நிஷாந்திதான் கேட்டாள்.

"ஏன் ஐயா பொய் சொன்னீங்க?"

அழகுமுத்து நிமிரவில்லை.

"அந்த ஆறாவது கெழமையும், அதுக்கு அடுத்த கெழமையும் முள்ளு அசையல புள்ள. அசையலன்னு சொல்லியிருந்தா நீ மாவுக்குப் போயிருப்ப. அரை அரையா ஒரு கிலோ நானாத்தான் கழிச்சேன். அதுக்குப் பொறகு எறங்கினது பூரா நீ எறக்கினது."

நிஷாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"இனிமே அசையலன்னாலும் நான் தாங்குவேன் ஐயா. தராச எங்க பக்கம் திருப்புங்க. என்னைய நிறுக்கிறதுக்கு மட்டுமில்ல. கொழுந்துக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற எல்லோரையும் பார்த்தார். எழுந்துபோய்த் தராசைக் கழற்றி, திருப்பி மாட்டினார். சங்கிலி கிணுங்கியது.

நிஷாந்தி இன்றும் ஏழாம் நம்பர் மலையில் இரண்டு காலாலும் ஏறிக் கொழுந்து எடுக்கிறாள். எடை எழுபத்திரண்டு. முள்ளை அவளே பார்த்துச் சொன்னது.