தாழ்ப்பாள் அந்தப் பக்கம்

விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

அவள் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மற்ற இருபத்தொரு பெண்களும் நிமிர்ந்தார்கள். எல்லாரும் வாசலோரத்து சுவிட்சைப் பார்த்தார்கள்.

காது கேளாதவர்கள் வேலை செய்கிற இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் இங்கே பாருங்கள் என்று அர்த்தம். டீ வந்தாலும் அதுதான். பஸ்சுக்கு நேரமானாலும் அதுதான்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் யாருமில்லை.

அவள் பக்கத்து மெஷின் பூங்கோதையை முறைத்தாள். போன மாதம் துணி அளக்கும் கம்பை நீட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சைத் தட்டி, அத்தனை பேரையும் ஏமாற்றிய கழுதை அவள்தானே!

பூங்கோதை இரண்டு கையையும் விரித்தாள். சத்தியமாக நானில்லை.

அவள் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். விளையாட இதுவா நாள்?

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர். துணிப்பை தைக்கும் இந்தக் கூடத்துக்கு இன்னும் மூன்று வருஷம் கை கொடுப்பதா, போதும் என்று விட்டுவிடுவதா? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள்.

போதும் என்றால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

முன்னால் இருந்த கம்பெனியில் எட்டு வருஷமும் அவளுக்கு ஊமச்சி என்றுதான் பேர். காது கேட்காவிட்டால் என்ன, உதடு தெரியுமே. இங்கே அவளுக்கென்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். மோவாய்த் தழும்பை விரலால் தொட்டால் அது அவள். அந்தப் பேரை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. செத்தாலும் முடியாது.

காலையில் வசந்தாமணி அக்கா வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னார். கூடத்தை ஆரம்பித்தவர். காது கேட்பவர்தான், ஆனால் கையால் கதையே சொல்லுவார்.

"கண்ணுகளா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும்... நான் கூப்பிடற வரைக்கும் ஆரும் எந்திரிச்சுப் போடாதீங்க."

விருந்தாளிகள் வந்ததும் அக்கா அவர்களுக்குக் கைதட்டக் கற்றுக்கொடுத்தார். ஓசை வேண்டாம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால் போதும். ஐந்து பேரும் ஆட்டி ஆட்டிப் பழகினார்கள். தலை நரைத்த பெரியவருக்கு நிறுத்தவே மனசில்லை.

பிறகு, கூடத்தைப் பற்றி எடுத்த படத்தைப் போட்டுக் காட்ட அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மெஷின் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகவே போட்ட கனத்த கண்ணாடி. நடுவில் யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். கூடத்திலிருந்து வெளியே போகிற வழியும் அந்த அறை வழியாகத்தான்.

தாழ்ப்பாள் அந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. கூடம் துப்புரவாகத் தெரியட்டும் என்று, தைத்த பை மூட்டைகளை எல்லாம் நேற்று அதை அடைத்துத்தான் அடுக்கினார்கள்.

விளக்கு மறுபடியும் அணைந்து எரிந்தது.

எல்லாரும் சுவிட்சைப் பார்த்தார்கள். யாருமில்லை.

கரன்ட்டுக்கும் விருந்தாளி வந்த குஷி என்று பூங்கோதை கையால் சொன்னாள். நாலைந்து பேர் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை.

திரும்பிப் பார்த்தாள். மூட்டைகளுக்கு மேலே, சுவரில், மெயின் பெட்டி. அதிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு இழை.

எழுந்துவிடலாமா?

எழுந்தால்? அரை மணி நேரம் அடங்கி உட்காரத் தெரியவில்லை இவர்களுக்கு, இவர்களை நம்பியா என்று நினைத்துவிட்டால்? தன் ஒருத்தியால் எல்லாம் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருந்தது.

பாவி மகள், இன்னும் ஒரு பை தைத்தாள்.

விளக்கு மூன்றாவது முறை அணைந்து எரிந்தது.

இந்த முறை யாரும் நிமிரவில்லை. கரன்ட்டின் சேட்டைதான் என்று தெரிந்துபோயிற்றே.

அவள் மட்டும் திரும்பினாள். மேல் மூட்டையின் மூலை சிவந்திருந்தது.

ஐயோ!

பூங்கோதையின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டுக் கண்ணாடியிடம் ஓடினாள். இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தாள். கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே இருட்டு. பக்கச் சுவர்த் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவளே சிரித்துக்கொண்டு பை தைத்தாள்.

அக்கா கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றார்.

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பூங்கோதையும் வந்து ஆட்டினாள். பின்னால் மற்றவர்கள் தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாரே.

நரைத்த பெரியவர் அவளைப் பார்த்துவிட்டார்.

அப்பாடா!

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர்களையும் தொட்டுக் காட்டினார். ஐந்து பேரும் எழுந்து நின்று ஆட்டினார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்தார். தன் படத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

திரும்பவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்கு அணைந்தது. இந்த முறை எரியவில்லை.