ஆயிரம் தீவுகளின் சொந்தக்காரர்

“அட்டையில உங்க மச்சினன் சம்சாரம் பேரை மேல பெருசாப் போட்டு, உங்க பேரைக் கீழ சின்னதாப் போட்டா கோவிச்சுக்குவீங்களா சார்?”

“எதுக்குங்க? எழுதினது நான்தானே?”

“நீங்கதான். ஆனா பாருங்க, அவங்களுக்கு அது பூர்வீகம். உங்களுக்கு... கண்ணாடிக் கடை.”

பதிப்பாளர் இப்படிச் சொல்லி நாலு நாளாகிவிட்டது. கண்ணாடிக்காரருக்கு இன்னும் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்களுக்குப் பார்வை சோதிக்க உட்கார்ந்தால், பலகையின் மேல்வரிப் பெரிய எழுத்தெல்லாம் அவள் பேராகவும், கடைசி வரிப் பொடி எழுத்தெல்லாம் தன் பேராகவும் தெரிந்தது.

ஆறு வருட உழைப்பு அது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடுகிற கதை விளையாட்டுக்கான புத்தகம். பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுகளைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்து, அதே சாயலில் ஒரு மாய உலகத்தைக் கட்டியிருந்தார். நட்சத்திரம் பார்த்துப் போகும் இரட்டைப் படகுகள், தலைவன் தொட்டுவிட்டால் வேறு யாரும் தொடக்கூடாத பொருள்கள், கோபம் வந்தால் ராவோடு ராவாக இடம் மாறிவிடும் ஒரு தீவு! ஞாயிறு மதியம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கடலுக்கு அவர்தான் ராஜா.

மூன்று மாதத்துக்கு முன்பு மச்சினனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவளின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. ஆனால் நிஜமாகவே அந்தத் தீவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர். கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

“என்னங்க, நம்ம வீட்டுக்கே ஆள் வந்தாச்சு! எழுதினதையெல்லாம் அவகிட்ட குடுத்துச் சரி பாத்துக்குங்க.”

அன்றோடு போனது நிம்மதி. முதல் வாரமே, தலைவனின் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், ‘அங்கே சிங்கம் ஏது அண்ணா?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

இந்த ஞாயிறும் நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கதையில் நடுக்கடல், புயல், நட்சத்திரமே தெரியாத வானம்.

“நான் படகுக்குள்ள படுத்துக்கறேன் அத்தான்,” என்றான் படகோட்டியாக ஆடிய மச்சினன். “முதுகுல அலை இடிக்கிறத வச்சே திசையச் சொல்லிடுவேன்.”

“சரி, உருட்டு,” என்று கண்ணாடிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவன் தன் மனைவி பக்கம் திரும்பிவிட்டான். “அப்படிப் பண்ணுவாங்கதானே?”

“பண்ணுவாங்க,” என்று அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் பகடை உருண்டது.

“அப்ப நான் எதுக்கு இங்க?” என்று முணுமுணுத்தார்.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல. புயல் காத்து.”

“காத்து மாதிரி தெரியலையே, கருகற வாசனை வருதே,” என்றாள் மனைவி. “வயித்துலேருந்து.”

மச்சினன் சிரிப்பை அடக்க இருமினான். மனைவி புதியவள் பக்கம் சாய்ந்தாள். “ஏம்மா, கடல்ல போனவங்க திரும்பி வரலேன்னா அங்க என்ன செய்வாங்க?”

“அடுத்த வாரம் சொல்றேன் அண்ணி.”

எப்போதும் இதே கதைதான். தலையாட்டுவதோடு சரி; வேறு எதைக் கேட்டாலும் ஒரு வாரம் காக்க வைத்துத்தான் சொல்வாள். ஆட்டத்தில் சேரவும் மாட்டாள்; பகடையைக் கையால்கூடத் தொட்டதில்லை. நோட்டும் பென்சிலுமாக ஓரத்தில் பரீட்சை மேற்பார்வையாளர் போல உட்கார்ந்திருப்பாள். ‘நாம ஆடறது அவளுக்குப் பொம்மை விளையாட்டாத் தெரியுது போல’ என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேநீர் போட அக்காவும் தம்பியும் சமையலறைக்குப் போனார்கள். மேஜையில் இவர்கள் இருவர் மட்டும். நாலு நாளாக அடைத்து வைத்தது பீறிட்டுவிட்டது.

“பதிப்பாளர் உன் பேரைத்தான் மேல போடணும்கிறார். போட்டுக்கோம்மா. கடலும் உன்னது, தீவும் உன்னது. நான் யாரு, நாலு புத்தகம் படிச்சவன். உனக்கு ரத்தத்துலயே இருக்கு.”

அவள் முகம் வெளுத்தது.

“என் பேரு வேண்டாம்ணா. எங்கயுமே போடாதீங்க.”

“ஏன், என் புத்தகத்துல வர்றது கௌரவக் குறைச்சலா?”

“ஐயோ!” அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அப்பா போனப்ப எனக்கு நாலு வயசு. அந்தத் தீவை நான் கண்ணால பாத்ததில்ல. அவர் பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. நீங்க கேக்கறதையெல்லாம் வாரம் பூரா நூலகத்துல தேடித்தான் வந்து சொல்றேன்.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“நீங்க யாரும் கேக்கலையே! என் மூஞ்சியப் பாத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. தெரியாதுன்னு சொன்னா, இந்த மேஜையிலேருந்து எழுப்பிடுவீங்களோன்னு பயம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க எல்லாரையும் பாத்தா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கு தெரியுமா? வாராவாரம் நீங்கள்லாம் எங்கப்பா ஊருக்குப் போய்ட்டு வர்றீங்க. நான் மட்டும் கரையில உக்காந்து தலையாட்டிட்டிருக்கேன். ஒரே ஒரு தடவை என்னையும் படகுல ஏத்திக்குங்கண்ணா!”