நேராக நிற்காத பூஜ்யம்

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. 347-ஐ 26-ஆல் பெருக்கும் கணக்கில், இரண்டாவது வரியின் பூஜ்யம் வரிசை தாண்டி வெளியே தொங்கியதற்காக.

"ஒம்போது வருஷத்துல ஒரு இலக்கம்கூட நகர்ந்ததில்ல. இன்னைக்கு என்னடி வந்துச்சு உனக்கு?" என்றான் க்ளைவ்.

"கை நடுங்குது," என்றாள் அவன் மனைவி ரோவெனா.

தெற்கு ஆஸ்திரேலியப் பள்ளிகள் பலவற்றில் க்ளைவ் ட்ரெலோரின் கணக்குப் புத்தகம்தான். அட்டையில் அவன் பெயர், உள்ளே அவள் உழைப்பு. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவது அவள் வேலை. புத்தகம் போட்ட மகானுக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

செவ்வாயன்று அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் போன் அவன் பையில், வாசலில் பூட்டு. இன்னும் ஒரு வாரம் இங்கே கிடந்தால் தன்னைப் பிணமாகத்தான் தூக்கிப்போவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நாலு மணிக்குள்ள இது அடிலெய்டு பதிப்பகத்துக்குப் போயாகணும். சரி பண்ணு."

அவள் ஏதோ தட்டினாள். பூஜ்யம் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போனது.

க்ளைவ் அவள் வலக்கையைப் பிடித்து மேசை டிராயருக்குள் திணித்து, இடுப்பால் மோதி மூடினான். விரல் ஒடிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

பிறகு அவனே உட்கார்ந்து, இடைவெளிக்கான பொத்தானைப் பத்து தடவை தட்டினான். பூஜ்யம் இம்மியும் அசையவில்லை.

"ஏன் நகர மாட்டேங்குது?"

"பத்து இடம் விட்டாலும் இந்த மொழி ஒண்ணுன்னுதான் எடுத்துக்கும்."

"அப்போ எப்படி நகத்துறது? சொல்லித் தொலை."

"மறந்துபோச்சு, க்ளைவ்."

தலைமுடியைப் பற்றி அவள் நெற்றியை மேசையில் மோதினான். இன்னொரு முறை மோதியபோது அச்சிட்ட தாளில் ரத்தம் சொட்டியது. அப்போதும் மறந்துபோச்சு என்றுதான் சொன்னாள்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. க்ளைவ் மற்ற விஷயங்களில் கெட்டிக்காரன். உதவி கேட்டு எங்காவது ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாளா என்று கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். அத்தனையும் கணக்கு.

"ஒரு பூஜ்யம் தள்ளி நின்னா குடி ஒண்ணும் முழுகிடாது," என்று முணுமுணுத்து, அவள் பெயரிலேயே அனுப்பினான்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. சிரித்த முகத்தோடு பூட்டைத் திறந்தவனை ஒரு போலீஸ்காரர் சுவரோடு சாத்திக் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். உடன் வந்த பெண் அதிகாரி உள்ளே ஓடி ரோவெனாவைத் தாங்கிப் பிடித்தாள்.

"என்ன எழுதினா இவ? ஒவ்வொரு எழுத்தையும் படிச்சுட்டுத்தானே அனுப்பினேன்," என்றான் க்ளைவ்.

"ஒண்ணும் எழுதல. பூஜ்யம் தள்ளி நிக்குதுன்னு பதிப்பகத்துல இருந்து போன் வந்துச்சு," என்றாள் அதிகாரி.

"அதுக்கா போலீஸ்?"

விரல் ஒடிந்த கையை மார்போடு அணைத்தபடி ரோவெனா நிமிர்ந்தாள்.

"என் வரி என்னைக்குக் கோணலா வருதோ, அன்னைக்கு போலீஸைக் கூப்பிடுங்கன்னு போன வருஷமே அவங்ககிட்ட சொல்லிவெச்சேன், க்ளைவ்."