தேவசேனா என்றொரு ஃபோல்டர்

திரையில் கறுப்புக் கட்டம் ஒன்று கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தது. மறுபடியும்.

புவனா திரையை நெருங்கிப் பார்த்தாள்.

கம்பெனி விற்கப்போகும் டெக்ஸ்ட் எடிட்டர் அது. கையேட்டில் எழுதியபடிதான் எல்லாம் நடக்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. ‘ஷெல் ஆப்ஷனை ஆஃப் செய்தால், எடிட்டர் பின்னணியில் எந்தக் கட்டளையையும் ஓட்டாது’ என்று கையேடு அடித்துச் சொல்கிறது. ஆஃப் செய்துவிட்டாள். மூன்று தடவை சரிபார்த்தும் விட்டாள். ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கறுப்புக் கட்டம் வருகிறது; ஏதோ கட்டளை ஓடுகிறது!

கொடைக்கானல் கிளையில் அன்று அவள் மட்டும்தான். மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

துழாவியதில், ஒளித்துவைத்த ஃபோல்டர் ஒன்று அகப்பட்டது. பெயர், தேவசேனா.

அப்படி ஒருத்தி ஆபீசிலேயே கிடையாது. உள்ளே, காலையிலிருந்து புவனா அந்த எடிட்டரில் தட்டிய சோதனை ரிப்போர்ட் முழுக்க இருந்தது. அடித்துவிட்டுப் பிறகு அழித்த வரிகள்கூட. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோப்பு முளைத்தது.

வேவு பார்க்கிறார்கள்! பயம் கோபமாக மாறியது. கையேட்டை எழுதிய டீம் லீடர் சேனாதிபதி வத்தலக்குண்டு போயிருந்தார். போன் போட்டாள்.

“சார், ஷெல் ஆஃப்லதான் இருக்கு. ஆனா ஓடுது. கையேட்டுல பொய் எழுதியிருக்கீங்க.”

“தெரியும்மா. அதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதாதீங்க. மேல இருக்கவங்களுக்குத் தெரியாம நான் வச்சது. தெரிஞ்சா எடுக்கச் சொல்லிருவாங்க.”

“எடுக்கட்டுமே! அடுத்தவங்க எழுதுறதைத் திருட்டுத்தனமாப் படிக்க வெக்கமா இல்ல? தலைமை ஆபீசுக்கே எழுதப்போறேன். உங்க வேலை போனாலும் சரி!”

சட்டென்று கரண்ட் போனது.

“ஐயோ, ரிப்போர்ட்டை சேவ் பண்ணலையே! ஆறு மணிக்குள்ள அனுப்பணுமே சார்!”

“பதறாதீங்க. கரண்ட் வந்ததும் அந்த ஃபோல்டரைப் பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே சேவ் பண்ணிக்கும், நீங்க அடிச்சது அப்படியே கெடக்கும். ஷெல்லை ஆஃப் பண்ணினாலும் அது மட்டும் நிக்கக் கூடாதுன்னு வச்சேன். உங்க கம்ப்யூட்டரைத் தாண்டிப் போகாது. ஒரு வரிகூட நான் படிச்சதில்லம்மா.”

இருட்டில் புவனாவின் குரல் இறங்கியது.

“தேவசேனா யாரு சார்?”



“உங்களுக்கு முன்ன அந்த சீட்டுல இருந்த பொண்ணு. இப்படித்தான் கரண்ட் போயி எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு அழுதா. அவ பொய் சொல்றாள்னு வேலையை விட்டுத் தூக்கினது நான்தாம்மா.”